மான் பருவத்துக்கு முன் ஒரு நாள்: குடும்பத்தோடு காட்டில் துப்பாக்கிக் குறியைச் சரிபார்க்கப் போவது எப்படி?

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் ரைஃபிள் கட்டையில் ஒரு துண்டு காகித டேப் ஒட்டியிருக்கும். அதில் பேனாவால் ஓர் எண், கெஜக் கணக்கில். அந்த எண்ணுக்கு அப்பால் நிற்கும் மானை அவர் சுடுவதில்லை. கொம்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் பழைய டேப்பைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஒட்டுவார். அந்த எண்ணைக் கண்டுபிடிக்கத்தான் பென்சில்வேனியாவில் இலையுதிர் காலத்தில் குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குப் போகிறார்கள் என்பது எனக்குப் புரிவதற்கு இரண்டு பருவங்கள் தேவைப்பட்டன. முதல் ஆண்டு நான் அதைச் சுற்றுலா என்று நினைத்துப் புளியோதரை கட்டிக்கொண்டு போனேன். புளியோதரை இப்போதும் உண்டு. அதைச் சாப்பிடும் முறை மட்டும் மாறியிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிட்ஸ்பர்க்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போனால் மேரியன்வில் என்ற சிற்றூர். அங்கிருந்து அலெகேனி தேசியக் காடு விரிகிறது, ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல். பெரியவரின் குடும்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மரவீடு இருக்கிறது. இங்குள்ளவர்கள் அதைக் ‘கேம்ப்’ என்பார்கள். கூடாரம் எதுவும் இல்லாவிட்டாலும் கேம்ப்தான். மான் வேட்டைக்கான துப்பாக்கிப் பருவம் 2019 முதல், நவம்பர் இறுதியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. அதற்கு முன்பு, அரை நூற்றாண்டுக்கும் மேலாக, அது திங்கட்கிழமையாக இருந்தது. அந்தத் திங்கட்கிழமை கிராமப்புறப் பள்ளிகள் பலவற்றுக்கு இன்றைக்கும் விடுமுறை.

குறி பார்க்கும் பயணத்தை, அதாவது குறி வைத்த இடத்தில் தோட்டா படுகிறதா என்று பார்த்துச் சரிசெய்யும் பயணத்தை, அக்டோபர் முதல் பாதிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோப்பில் (ரைஃபிள்மேல் பூட்டிய, குறி பார்க்கும் தொலைநோக்கியில்) கோளாறு என்று தெரிந்தால் சரிசெய்ய அவகாசம் வேண்டும். நவம்பரில் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் போனால், தீபாவளிக்கு முந்தைய வாரம் தையற்காரரிடம் துணி கொடுக்கப் போனது போலத்தான் ஆகும்.

முதலில் விசா, பிறகு துப்பாக்கி

நம்மவர்கள் பலருக்குத் தெரியாத செய்தி என்பதால் இதை முன்னால் வைக்கிறேன். எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ தம் வசம் வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்று நினைக்க வேண்டாம். நண்பர் அன்போடு நீட்டும் துப்பாக்கியைக் கையில் வாங்கி ஒரே ஒரு முறை சுட்டுப் பார்த்தாலும் அது இந்தத் தடைக்குள் வரும். அதைப் படமெடுத்து நாமே ஊருக்குக் காட்டுவது தனி அறிவீனம்.

விதிவிலக்கு உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று முறையாக வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. பென்சில்வேனியா உரிமம் ஜூலை 1 அன்று தொடங்கி மறு ஆண்டு ஜூன் 30 அன்று முடிகிறது. ஆகவே சென்ற ஆண்டின் உரிமத்தைப் பணப்பையில் வைத்துக்கொண்டு அக்டோபரில் போகக் கூடாது. பச்சை அட்டைக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எங்கள் வீட்டில் இங்கேயே பிறந்த 13 வயது மகளுக்கு எந்தத் தடையும் இல்லை, எங்கள் இருவருக்கும்தான் இருந்தது. அவள் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். உங்கள் நிலைமையில் கொஞ்சமாவது குழப்பம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அதுவரை வேடிக்கை மட்டும் பாருங்கள்.

உரிமம் பெற முதலில் வேட்டைக் கல்வி வகுப்பை முடிக்க வேண்டும். மாநில வேட்டை ஆணையம் நடத்துகிறது. 11 வயது நிரம்பியவர்களுக்குச் சான்றிதழ் கிடைக்கும். உள்ளூர்ப் பெரியவர்களுக்கான உரிமக் கட்டணம் இருபது டாலர் சொச்சம். வகுப்பில் சிறுவர்களுக்கு நடுவே உட்கார்ந்து தேர்வு எழுத நான் கூச்சப்பட்டேன். என் பக்கத்தில் இருந்த பையன் எனக்கு முன்பே விடைத்தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து போனான்.

எங்கே சுடலாம்?

‘காடுதானே, எங்கே வேண்டுமானாலும் சுடலாம்’ என்பது பெரிய தவறு. மாநில வேட்டை நிலங்கள் 15 லட்சம் ஏக்கருக்கு மேல் இருக்கின்றன. ஆனால் அங்கே இலக்குப் பயிற்சியை அதற்கென்று அமைத்த சுடுகளங்களில் மட்டுமே செய்யலாம். அதற்கும் வேட்டை உரிமமோ சுடுகள அனுமதிச் சீட்டோ வேண்டும். முதல்முறை போகும் குடும்பத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். மேசை இருக்கும், தூரம் அளந்து வைத்திருப்பார்கள், பின்னால் மண்மேடு இருக்கும். நீங்கள் வாங்கும் ஒவ்வொரு தோட்டாப் பெட்டிக்கும் 1937ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின்படி 11 விழுக்காடு தீர்வை கட்டப்படுகிறது; இப்படிப்பட்ட களங்களுக்கும் வனவிலங்குப் பாதுகாப்புக்கும் பணம் பெரும்பாலும் அந்த வழியில்தான் வருகிறது. அதனால் கூச்சப்படாமல் போய்ப் பயன்படுத்துங்கள்.

தேசியக் காட்டில் சுடுவதற்கு வேறு விதிகள். வீடு, கட்டடம், கூடார இடம், மக்கள் இருக்கும் எந்த இடத்திலிருந்தும் 150 கெஜத்துக்குள் சுடக் கூடாது. காட்டுச் சாலைக்கு குறுக்கேயும் நீர்நிலைக்கு குறுக்கேயும் சுடக் கூடாது. அவ்வப்போது தற்காலிகத் தடைகளும் வரும் என்பதால், மேரியன்வில்லில் உள்ள ரேஞ்சர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நல்லது.

நாங்கள் சுடுவது பெரியவரின் சொந்த நிலத்தில், பழைய சரளைக்கல் பள்ளம் ஒன்றில். பின்னால் பனைமர உயரத்துக்கு மண்சரிவு. பார்த்தவுடன் எனக்கு மிகப் பாதுகாப்பான இடமாகத் தெரிந்தது. பெரியவர் இலக்குத் தாளை நடுவதற்கு முன் அந்தச் சரிவில் ஏறி, பூட்ஸ் முனையால் மண்ணைக் குத்திக் குத்தி, தேங்காய் அளவுக் கற்களை ஒவ்வொன்றாக உருட்டிவிட்டார். அரை மணி நேரம் அந்த வேலையைச் செய்தார். கல்லில் பட்ட தோட்டா எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது; மண் மட்டும்தான் அதை விழுங்கும். மரத்தில் இலக்கை ஆணியடித்து மாட்டும் பழக்கமும் இதனால்தான் தவறு. மரம் தோட்டாவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் சுடுகிறோம், குறி தவறினால் மரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ அதில் போய்ப் படும். பாயிண்ட் 22 என்ற சின்னத் தோட்டாவே ஒரு மைலுக்கு மேல் போகக்கூடியது. குன்றின் உச்சிக்கோட்டில் நிற்கும் இலக்கைச் சுடாதீர்கள். அதற்குப் பின்னால் வானம்தான் இருக்கிறது.

வெடிக்கும் இலக்குகளைக் கடையில் பார்த்துவிட்டு எங்கள் மகன் கேட்டான். வேண்டாம் என்றேன். 2017இல் அரிசோனாவில் பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று அறிவிக்கும் விழாவில் அப்படி ஒன்றைச் சுட்டு மூட்டிய தீ சுமார் 47,000 ஏக்கரை எரித்தது. வெறும் காகிதம் போதும்.

பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

தோட்டாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பலர் தவறுவது இங்கேதான். நவம்பரில் எந்தத் தோட்டாவோடு வேட்டைக்குப் போகப்போகிறீர்களோ, அதே நிறுவனம், அதே எடை, அதே வகையில் 20 கொண்ட இரண்டு பெட்டிகளை வாங்குங்கள். மலிவான தோட்டாவில் குறியைச் சரிசெய்துவிட்டு விலையுயர்ந்த தோட்டாவோடு வேட்டைக்குப் போனால், செய்த வேலை வீண். எடை மாறினாலும் ஈயத்துக்குப் பதில் செம்பு என்று மாறினாலும் தோட்டா படும் இடம் மாறும்.

பழகுவதற்குப் பாயிண்ட் 22 ரைஃபிள் ஒன்று இருந்தால் குழந்தைகளின் நாள் நன்றாக அமையும். சத்தமும் உதைப்பும் குறைவு, தோட்டா மலிவு. இந்த மாநிலத்தில் அதைக் கொண்டு மானைச் சுட முடியாது. மானுக்கு 243 வின்செஸ்டர் என்ற தோட்டா வகைக்கான ரைஃபிள் சிறுவர்களுக்கும் மெல்லிய தோள்காரர்களுக்கும் ஏற்றது. பெரியவரிடம் இருப்பது அவர் தந்தையின் தர்ட்டி-தர்ட்டி லீவர் துப்பாக்கி, நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை. அடர்காட்டில் கிட்டத்தில் சுடுவதற்கு அதைவிட வேறென்ன வேண்டும் என்பார். எனக்கும் அதே எண்ணம்தான், கடைக்காரர்கள்தான் ஒப்புக்கொள்வதில்லை.

காதுக்கு இரட்டைப் பாதுகாப்பு: உள்ளே பஞ்சு போன்ற அடைப்பான், மேலே கிண்ணம் போன்ற காதுக்கவசம். துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபெல்லுக்கு மேல் போகும். ஒரே வெடியிலேயே காது நிரந்தரமாகக் கெடலாம். சுடாமல் வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் இது வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. கழுத்து மூடிய சட்டை, முன்விளிம்பு உள்ள தொப்பி. வெளியே தெறிக்கும் தோட்டா உறை கொதிக்கக் கொதிக்க வந்து கழுத்துக்குள் விழுந்தால் யாருக்கும் துள்ளத்தான் தோன்றும், கையில் துப்பாக்கி இருப்பது அந்த நொடியில் நினைவுக்கு வராது.

இவற்றோடு மணல் பைகள் இரண்டு, இலக்குத் தாள்கள், ஸ்டேப்ளர், ஒரு கட்டு காகிதத் தட்டுகள், அளவுநாடா, தூரம் பார்க்கும் கண்ணாடி, ஸ்கோப் திருகுகளுக்கான சாவி, முதலுதவிப் பெட்டி, ரத்தப்போக்கை நிறுத்தும் பட்டை, நோட்டுப் புத்தகம், பேனா. அந்தக் காட்டில் கைப்பேசிக்கு அலை கிடைக்காத இடங்கள் நிறைய. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ஆளுக்கொரு ஒளிர்செம்மஞ்சள் மேலாடை. பருவத்தின்போது தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் தெரிய வேண்டும் என்பது விதி. அக்டோபரிலும் வில்வேட்டைக்காரர்களும் பிறரும் காட்டில் இருப்பார்கள் என்பதால் நாங்கள் அப்போதே அணிந்துகொள்கிறோம். காரில் ஏற்றும்போது துப்பாக்கியில் தோட்டா இருக்கவே கூடாது, அதுவும் சட்டம்.

கடைசியாக, ஒரு குடம் தண்ணீரும் சோப்பும். கை துடைக்கும் திரவம் போதாது. சுடும்போது ஈயத் துகள்கள் கையில் படிகின்றன. திரவம் கிருமியைக் கொல்லும், ஈயத்தை அகற்றாது. சாண்ட்விச்சைக் காகிதத்தோடு பிடித்துச் சாப்பிடுபவர்களைவிட, புளியோதரையைப் பிசைந்து உண்ணும் நமக்கு இது பெரிய விஷயம். எங்கள் வீட்டு விதி: மதியச் சாப்பாட்டுக்கு முன் சோப்பு போட்டு முழங்கை வரை கழுவ வேண்டும், அதற்குப் பிறகும் கரண்டிதான். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் சுடுமிடத்துக்கு வராமல் கேம்பிலேயே இருப்பது நல்லது.

முதல் குண்டுக்கு முன்

எல்லோரையும் நிற்க வைத்து நான்கு விதிகளையும் ஒவ்வொருவர் வாயாலும் சொல்ல வையுங்கள். எந்தத் துப்பாக்கியானாலும் தோட்டா இருப்பதாகவே எண்ண வேண்டும். சுடக் கூடாத எதையும் நோக்கிக் குழல் திரும்பக் கூடாது. குறி வைத்து முடிவெடுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் 8 வயது மகன் சுடுவதில்லை, ஆனால் விதிகளைச் சொல்வதற்கு அவன்தான் பொறுப்பாளி. அவன் இருந்தால் யாரும் ஒன்றை விட்டுவிட முடியாது.

ஒருவர் களத்துக்குத் தலைவர். அவர் ‘ஹாட்’ என்றால் சுடலாம், ‘கோல்ட்’ என்றால் எல்லாத் துப்பாக்கிகளும் காலியாக, போல்ட் (தோட்டா அறையை மூடும் தண்டு) திறந்தபடி, அந்த அறைக்குள் செம்மஞ்சள் பிளாஸ்டிக் கொடி செருகியபடி மேசையில் கிடக்க வேண்டும். இலக்குப் பக்கம் ஒருவர் இருக்கும்வரை யாரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது, துடைப்பதற்காகக்கூட. ஒரு நேரத்தில் ஒரே ஒருவர் சுடட்டும். நேரம் இரண்டு மடங்காகும், ஆகட்டும்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் காத்திருந்து பிறகு போல்ட்டைத் திறக்க வேண்டும். சில தோட்டாக்கள் தாமதித்து வெடிக்கும். வழக்கமான வெடிக்குப் பதில் ‘புஸ்’ என்று மெலிந்த சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். தோட்டா குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம்; அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

இன்னொன்று, ஆதிக்கக் கண் எது என்று பார்ப்பது. இரு கைகளையும் நீட்டி உள்ளங்கைகளால் சிறு முக்கோண இடைவெளி அமைத்து, தூரத்தில் உள்ள ஒரு பொருளை இரு கண்களாலும் அதனூடே பாருங்கள். ஒரு கண்ணை மூடினாலும் பொருள் அங்கேயே இருந்தால் திறந்திருக்கும் கண்தான் ஆதிக்கக் கண். எங்கள் மகள் வலக்கைக்காரி, ஆனால் இடக்கண்காரி. இது தெரியாமல் முதல் ஆண்டு முழுவதும் அவளுக்குக் கவனம் போதவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன். இடத்தோளுக்கு மாற்றிய அன்றே அவள் என்னை முந்திவிட்டாள்.

25 கெஜத்தில் கணக்கு

நேராக 100 கெஜத்தில் தொடங்கினால் தோட்டா தாளிலேயே படாமல் போகும், எந்தப் பக்கம் போனது என்றும் தெரியாது. 25 கெஜத்தில் தொடங்குங்கள். போல்ட் துப்பாக்கி என்றால் போல்ட்டைக் கழற்றி, மணல் பைகள்மேல் ரைஃபிளை அசையாமல் வைத்து, குழலுக்குள் பின்புறமாகப் பாருங்கள். இலக்கின் கறுப்பு வட்டம் குழலின் நடுவில் தெரியும்படி நகர்த்துங்கள். பிறகு துப்பாக்கியை அசைக்காமல் ஸ்கோப்பின் குறுக்குக்கோடு அதே வட்டத்தில் வரும்வரை திருகுங்கள். ஒரு தோட்டாவும் செலவாகாமல் பாதி வேலை முடிந்தது.

இப்போது ஒரே ஒரு குண்டு. பெரும்பாலான ஸ்கோப்களில் ஒரு கிளிக் என்பது 100 கெஜத்தில் கால் அங்குலம். 25 கெஜத்தில் அது அதிலும் கால் பங்கு, அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒன்று. எங்கள் 243 சென்ற ஆண்டு 3 அங்குலம் இடப்புறமும் 2 அங்குலம் கீழேயும் பட்டது. மகள் நோட்டில் போட்ட கணக்கு: மூன்று பதினாறு 48 கிளிக் வலம், இரண்டு பதினாறு 32 கிளிக் மேல். திருகின் மேலுள்ள அம்புக்குறி, தோட்டா எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதைக் காட்டுகிறது. குறுக்குக்கோடு எந்தப் பக்கம் நகரும் என்று யோசித்துக் குழம்ப வேண்டாம். கணக்குப் பாடம் எதற்கு என்று கேட்கும் பிள்ளை, திருகிவிட்டு அடுத்த குண்டு நடுவில் படுவதைப் பார்த்தபின் அந்தக் கேள்வியைக் கொஞ்ச நாள் கேட்பதில்லை.

25 கெஜத்தில் தோட்டா நடுவிலிருந்து அரை அங்குலம் கீழே பட்டால் போதும், அங்கேயே விட்டுவிடுங்கள். ஸ்கோப் குழலுக்கு மேலே ஒன்றரை அங்குல உயரத்தில் உட்கார்ந்திருப்பதால், கிட்டத்தில் கீழே பட்டுத் தூரத்தில் சேர்ந்துகொள்ளும்.

என் வலப்புருவத்தின் மேல் பிறைநிலா போல ஒரு தழும்பு இருக்கிறது. ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் ஏறக்குறைய மூன்றரை அங்குலம் இடைவெளி வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நன்றாகத் தெரியவில்லையே என்று நான் முகத்தை முன்னால் கொண்டுபோனேன். துப்பாக்கி பின்னால் உதைத்தது. வலி தெரியவில்லை, கண்ணாடியில் ரத்தம் வழிந்து மறைத்த பிறகுதான் தெரிந்தது. கட்டை தோள்குழியில் இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும், கன்னம் கட்டைமேல் படிந்திருக்க வேண்டும், கழுத்து நீளக் கூடாது. சரியாகத் தெரியவில்லை என்றால் ஸ்கோப்பைத்தான் நகர்த்திப் பூட்ட வேண்டும்.

100 கெஜத்தில் பொறுமை

மூன்று குண்டுகள் சுட்டு, மூன்றுக்கும் நடுவான புள்ளியைப் பார்த்துத்தான் ஸ்கோப்பைத் திருக வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு முறை திருகுபவர்கள் தங்கள் கைநடுக்கத்தைத் துரத்திக்கொண்டே ஒரு பெட்டியைத் தீர்த்துவிடுவார்கள். என் கணவர் அந்த வகை. மூன்று குண்டுக்குப் பிறகு பத்து நிமிடம் ஆறவிடுங்கள். குழல் சூடேறினால் மெல்லிய குழல்கள் குறி மாறும்.

தொலைதூரத்துக்கென்று 100 கெஜத்தில் இரண்டு அங்குலம் மேலே படும்படி அமைத்து, 200 கெஜத்தில் நேராக்கும் வழக்கம் உண்டு. திறந்த வயல்களுக்கு அது சரி. அலெகேனிக் காட்டில் செர்ரி மரங்களுக்கும் பீச் மரங்களுக்கும் நடுவே 100 கெஜம் தெளிவாகத் தெரிந்தாலே பெரிய விஷயம். நான் 100க்கு நேராக வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன்.

அன்றைய முதல் குண்டு எங்கே பட்டது என்பதைத் தனியாகக் குறித்து வையுங்கள். நவம்பரில் மான் எதிரே வரும்போது குழல் குளிர்ந்துதான் இருக்கும். அன்றைக்கு முதல் குண்டு ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும். குழலை எண்ணெயிட்டுத் துடைத்த பிறகு முதல் குண்டு சற்று விலகிப் போகும் துப்பாக்கிகள் உண்டு. உங்களுடையது அப்படியா என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

குழந்தைகளுக்குப் பெரிய துப்பாக்கியில் ஆறு குண்டுகளுக்கு மேல் வேண்டாம். தோள் தாங்கும், மனம்தான் உதைப்பை எதிர்பார்த்துப் பதறத் தொடங்கும். இந்தப் பதற்றத்தைக் கண்டுபிடிக்கப் பெரியவர் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார். மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றை மற்றவற்றோடு கலந்து, சுடுபவருக்குத் தெரியாமல் அவரே நிரப்பித் தருவார். என் கணவர் குறி வைத்து விசையை இழுத்தார். ‘கிளிக்’ என்ற சத்தம் மட்டும். ஆனால் குழல் முனை ஒரு சாண் கீழே குனிந்தது, கண்கள் இறுக மூடியிருந்தன. வெடிக்காத துப்பாக்கிக்கு ஒரு மனிதர் அவ்வளவு பயந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பெரியவர் சிரிக்கவில்லை. “எனக்கும் இப்படித்தான் இருந்தது. பத்து முறை காலித் துப்பாக்கியில் இழுத்துப் பாருங்கள், பிறகு வருவோம்” என்றார். வெடி எப்போது வரும் என்று தெரியாதபடி விசையை மெல்ல மெல்ல அழுத்துவதுதான் மருந்து.

மேசையை விட்டு எழுந்த பிறகு

மேசையில் மணல் பைமேல் சுட்டது துப்பாக்கிக்கான தேர்வு. காட்டில் மேசை இருக்காது. மானின் நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் 8 அங்குல அகலம். மலிவான காகிதத் தட்டும் ஏறக்குறைய அவ்வளவுதான். தட்டில் வட்டமோ புள்ளியோ வரைய வேண்டாம். மானின் உடம்பில் யாரும் வரைந்து வைத்திருப்பதில்லை.

முதல் தட்டை 25 கெஜத்தில் நட்டு, உட்கார்ந்து, முழங்கால்களில் முழங்கைகளை ஊன்றி ஐந்து குண்டு சுடுங்கள். ஐந்தும் தட்டுக்குள் பட்டால் அடுத்த தட்டு 50 கெஜத்தில், பிறகு 75, பிறகு 100. ஒரு குண்டு வெளியே போனாலும் அதற்கு முந்தைய தூரம்தான் உங்கள் எல்லை. ஐந்தில் நான்கு போதாதா என்று கேட்கத் தோன்றும். அந்த ஐந்தாவது குண்டு வயிற்றில் பட்ட மானை, ரத்தத்துளிகளைத் தொடர்ந்து இருட்டும்வரை தேடிப் போன ஒருவர் சொன்னால் அந்தக் கேள்வி எழாது. பெரியவர் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. பாயிண்ட் 22இலேயே பெரும்பகுதிப் பயிற்சியைச் செய்துவிட்டு, கடைசியில் மான் துப்பாக்கியில் ஒரே ஒரு சுற்று போகலாம். நின்றபடி சுடுவதையும் முயன்று பாருங்கள், உங்களை நீங்கள் எவ்வளவு அதிகமாக மதிப்பிட்டிருந்தீர்கள் என்பது தெரிய வரும். துப்பாக்கியைத் தாங்கும் இரு கவைக்கோல் ஊன்றிச் சுட்டால் என் எல்லை 50 கெஜத்திலிருந்து 75க்கு ஏறியது. அதனால் கவைக்கோலை விடுவதில்லை.

பிற்பகலில் ஒரு நடை

கை கழுவி, கரண்டியால் சாப்பிட்டு, துப்பாக்கிகளைப் பூட்டி வைத்துவிட்டுக் காட்டுக்குள் நடங்கள். சுடாத பிள்ளைகளுக்கு இதுதான் அன்றைய உச்சம். இடுப்புயர இளமரத்தில் பட்டை உரிந்து வெள்ளையாகத் தெரிந்தால், ஆண்மான் கொம்பைத் தேய்த்திருக்கிறது. தாழ்ந்த கிளைக்கு அடியில் இலைகளைக் கால்களால் விலக்கி மண்ணைக் கீறியிருந்தால், அது தன் வாசனையை விட்டுச் சென்ற இடம். நவம்பர் நடுவில் இணைசேரும் காலம் உச்சத்துக்கு வரும்போது இந்த அடையாளங்கள் கூடும். ஓக் கொட்டைகளும் பீச் கொட்டைகளும் எங்கே உதிர்ந்து கிடக்கின்றன என்று பாருங்கள். உணவு இருக்கும் இடத்துக்கு மான் வரும். எங்கள் மகன் சூடான புழுக்கையைக் கையால் தொட்டுப் பார்த்து ‘இப்போதுதான் போயிருக்கிறது’ என்று அறிவித்த பெருமிதத்தில் இன்னொரு முறை கை கழுவ வேண்டியதாயிற்று.

எங்கே உட்காரப்போகிறீர்களோ அந்த இடத்திலிருந்து நான்கு திசைகளிலும் உங்கள் எல்லைத் தூரத்தை அளந்து, அங்கே நிற்கும் மரம் அல்லது பாறையை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நவம்பர் அரையிருட்டில் தூரம் ஏமாற்றும். அந்த மரம் ஏமாற்றாது. எந்தத் திசையில் சாலை, எந்தத் திசையில் அடுத்தவரின் கேம்ப் என்பதையும் அப்போதே முடிவு செய்து, அந்தத் திசைகளில் சுடுவதையே மறந்துவிடுங்கள். ஆட்கள் வசிக்கும் கட்டடத்தைச் சுற்றி 150 கெஜம் துப்பாக்கி வேட்டைக்கு விலக்கப்பட்ட வட்டம். மரத்தின்மேல் பரண் கட்டுபவர்கள் தரையை விட்டுக் கால் எடுக்கும் முன்பே முழு உடலையும் தாங்கும் பாதுகாப்புவாரைப் பூட்டிக்கொள்ள வேண்டும். வேட்டைக்காரர்களை அதிகம் காயப்படுத்துவது கீழே விழுவதுதான்.

கிளம்பும்போது

தோட்டா உறைகளையும் தாள்களையும் தட்டுகளையும் ஒன்று விடாமல் பொறுக்குங்கள். மகனுக்கு உறைக்கு ஒரு காசு தருவதாகச் சொன்னதில் முந்தைய ஆண்டின் உறைகளும் வந்து சேர்ந்தன. பிறகு உண்ணி பார்க்கும் படலம். லைம் நோயைப் பரப்பும் கறுங்கால் உண்ணி இந்த மாநிலத்தில் மிகுதி. குளிர் வந்தால் போய்விடும் என்பது தவறு. வளர்ந்த உண்ணிகள் அக்டோபர், நவம்பரில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தெளித்த உடை உதவும். முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமயிருக்குள் எல்லாம் தேடுங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலோரம் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் எதுவும் வேண்டாம். சுட்டபோது அணிந்த உடைகளைத் தனியாகத் துவையுங்கள்.

வீட்டில் குழலைப் பின்புறமிருந்து தூரிகை விட்டுத் துடைத்து, லேசாக எண்ணெயிட்டு, பூட்டிய பெட்டியில் வையுங்கள். தோட்டா வேறு பெட்டியில். ஸ்கோப்பின் திருகுகளை இனித் தொடக் கூடாது. கார்ப்பயணத்தில் ஸ்கோப் எங்காவது இடித்திருக்கலாம் என்பதால், பருவத்துக்கு முந்தைய நாள் ஒரே ஒரு குண்டு சுட்டுப் பார்ப்பது வழக்கம்.

இந்த ஆண்டு எங்கள் மகளின் டேப்பில் 75 என்று எழுதினோம். என்னுடையதிலும் 75, கவைக்கோலோடு. கணவர் 50 என்று எழுதிவிட்டு அதை யாரும் பார்க்காதபடி கட்டையின் உட்பக்கமாக ஒட்டினார். பெரியவர் தன் பழைய டேப்பைக் கிழித்து என்னிடம் குப்பைக்குத் தந்தார். அதில் 100 என்று இருந்தது. புதிய டேப்பில் எழுதுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் அணிந்துகொண்டு, 75 கெஜத்துத் தட்டில் தட்டுக்கு வெளியே பட்டிருந்த ஓட்டையை இன்னொரு முறை பார்த்தார். பிறகு 50 என்று எழுதினார்.